திருகக் கூடாதவன்

குனியக் கூடாது. தூக்கக் கூடாது. திருகக் கூடாது.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் காகிதத்தில்
மூன்றே வரி.
இருபத்தாறு வருஷம் நான் வாங்கிய சம்பளம்
அந்த மூன்றுக்கும்தான்.

லஸ்கர் வேலை.
பாமணியாற்றில் பிரியும் வாய்க்காலுக்கு
நாலு கண் மதகு.
சாவியை மாட்டித் திருகினால்
பலகை ஏறும், தண்ணீர் போகும்.
மாசியில் ஒருநாள்
பொட்டுத் தண்ணீர் இல்லாத மதகில்
கிரீஸ் தடவக் குனிந்தவன்
நிமிரவில்லை.

விழவில்லை, அடிபடவில்லை.
ரத்தத்தில் ஒரு வகைப் புற்று,
எலும்பை உள்ளேயிருந்து அரிக்கும் என்றார் டாக்டர்.
நண்டு வளை வைத்த வரப்பு
மிதிக்காமலே சரியும்.
அதற்கு மேல் அவர் சொன்னது
என் காதில் ஏறவில்லை.

முதுகைப் பிளக்கவில்லை.
ஆறு துளை, ஒவ்வொன்றும்
பொன்னி நெல் இரண்டு நீளம்.
அதன் வழியே திருகாணி,
ஆணி வழியே சிமெண்ட்.
"எலும்பைக் கட்டியாச்சு. நோய் வேற கணக்கு."
வியாழன்தோறும் வயிற்றில் ஊசி.
பொதுப்பணித் துறையில்கூட
இத்தனை சின்ன ஓட்டையில் சிமெண்ட் போனதில்லை
என்றேன் தையல்நாயகியிடம்.
அவள் சிரிக்கவில்லை.
பில்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

புரளுவது எப்படி என்று ஜெசிந்தா காட்டினாள்.
ஸ்கூட்டியில் வரும் பிசியோ, நாகப்பட்டினத்துப் பெண்.
தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக,
முட்டி மடக்கி, பக்கம் சாய்ந்து,
காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி.
"மூச்சை அடக்காதீங்க சார்."
அடக்கியிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது.
எழுந்து உட்கார ஆறு நிமிஷம்.
பிறகு நாலு.
ஒரு வெள்ளிக்கிழமை திரும்பவும் ஏழு.
ஊசிக்கு மறுநாள் அப்படித்தான் என்று
நோட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.

கக்கூஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் பொய்.
குத்துக்கால் இனி இல்லை.
மச்சான் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி
அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி
நடுவில் வட்டம் போட்டார்.
வட்டம் முட்டையாக வந்தது.
ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான்
வீட்டில் சிரிப்புச் சத்தம்.
நானும் சிரித்தேன்,
பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு.

முதல் வாரம் கொல்லைக் கதவு வரை.
மூன்றாம் வாரம் மின்கம்பம்.
ஐந்தில் கருவை மரம்.
அங்கே நின்று அழுதேன், வலியால் இல்லை,
கழன்ற செருப்பை எடுக்க முடியாமல்.
பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன்
அதைக் காலாலேயே தள்ளிக் கொடுத்துவிட்டு ஓடினான்.
கருவையிலிருந்து மதகுக்கு
இன்னும் முப்பது கஜம்.

மேட்டூர் திறந்த பன்னிரண்டாம் நாள் ராத்திரி
வாய்க்கால் பக்கம் நாய்கள் குரைத்தன.
முதல் நுரை சருகைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம்
படுக்கையிலேயே எனக்குத் தெரியும்.
பதிலுக்குப் போட்ட ஆள் போனை எடுக்கவில்லை.
கட்டையாகப் புரண்டேன், ஊன்றினேன், எழுந்தேன்.
நிமிஷக் கணக்கு யாரும் எழுதவில்லை.

சாவியைத் தையல்நாயகி தோளில் போட்டுக்கொண்டாள்.
நைட்டிக்கு மேல் என் காக்கிச் சட்டை.
எனக்கு டார்ச்.
காகிதத்தில் அதற்குத் தடை இல்லை.
ஒரு கை வாக்கரில், ஒரு கை வெளிச்சத்தில்,
கருவையைத் தாண்டியது
தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

முதல் கண் அசையவில்லை.
அவள் முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்தாள்.
அவள் இடுப்பு திரும்பியது, தோள் திரும்பியது,
என் முதுகில் ஆறு ஆணியும் விறைத்தன.
"வெளிச்சத்தை ஆட்டாதய்யா!"

ஆட்டவில்லை.
பலகைக்கு அடியில்
ஒரு விரற்கடை கறுப்பு திறந்து
சளசளவென்று பேச ஆரம்பித்தது.
மூச்சை அடக்கியிருந்தேன்.
விட்டேன்.
இன்னும் மூன்று கண் பாக்கி.